காலையில் ஒருவிதம், மாலையில் ஒருவிதம்: அடிக்கடி நின்ற ஒரு வீட்டு பாய்லரின் நிகழ்வு ஆய்வு

கிழக்கு லண்டனில் 1930களில் கட்டப்பட்ட, மாடி வைத்த வரிசை வீடு எங்களுடையது. கீழ்த்தளச் சமையலறைச் சுவரில் ஒரு காம்பி பாய்லர் இருக்கிறது. இரு தளங்களிலும் சேர்த்து, அறைகளைச் சூடாக்கும் ஒன்பது ரேடியேட்டர்கள். இரண்டு குளிர்காலங்களாக இந்த பாய்லர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்று நின்று போனது. முதல் குளிர்காலத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நின்றது, இரண்டாவதில் ஒரே நாளில் இரண்டு முறை. இரண்டு கேஸ் எஞ்சினியர்கள் வந்து போனார்கள். பம்பும் ஒரு வெப்பநிலை உணரியும் மாற்றப்பட்டன. தரைக்கடியில் குழாய் ஒழுகுகிறது, பலகைகளைப் பெயர்த்துப் பார்க்க வேண்டும் என்ற யோசனையும் வந்தது. எதுவும் பயன் தரவில்லை. நாங்கள் ஒரே கோளாறு என்று நினைத்துத் துரத்திக்கொண்டிருந்தவை உண்மையில் இரண்டு கோளாறுகள். முதலாவதுதான் இரண்டாவதைப் பெற்றது. அந்தப் பேறுகாலத்துக்குத் துணை நின்றவன் நான். எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் பாய்லர் என்றால் குளியலறை வெந்நீர் அண்டாதான் நினைவுக்கு வரும் என்பதால், பிரிட்டிஷ் வீட்டு அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காம்பி பாய்லர் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, ரேடியேட்டர்களுக்குள் சுற்றும் நீரைச் சூடாக்குவது; இந்த நீர் மூடிய வளையத்துக்குள் மீண்டும் மீண்டும் சுற்றும், செலவாகாது. மற்றொன்று, குழாயைத் திறந்ததும் குடிநீர் இணைப்பிலிருந்து வரும் நீரை அப்போதைக்கப்போது சூடாக்கித் தருவது. வளையத்திலுள்ள நீர் குளிர்ந்திருக்கும்போது அழுத்தம் 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். எங்கள் பாய்லரில் அது 0.5 பாருக்குக் கீழே போனால் நெருப்பு பற்றாது. 3 பாரைத் தொட்டால், பிரஷர் குக்கரின் சேஃப்டி வால்வைப் போல ஒரு வால்வு திறந்து, செப்புக் குழாய் வழியாக நீரை வீட்டுக்கு வெளியே தள்ளிவிடும். சூடாகும் நீர் விரிவதற்கு இடம் தர, பாய்லருக்குள்ளேயே 8 லிட்டர் அளவில் ஒரு விரிவுக் கலம் இருக்கிறது. அதன் நடுவே ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் நீர், மறுபக்கம் அடைத்து வைத்த காற்று. காற்றடைக்கும் வால்வு கார் டயரில் இருப்பதைப் போன்றதுதான்.

பாய்லர் நிற்பது பெரும்பாலும் பாய்லரின் கோளாறு அல்ல, தன்னைக் காத்துக்கொள்ளும் ஒழுங்கு. நெருப்பு பற்றியதை உணராவிட்டால் நிற்கும், புகை குளிர்ந்து உண்டாகும் நீரை வெளியேற்றும் கழிவுநீர்க் குழாய் உறைந்து அடைத்துக்கொண்டால் நிற்கும், நீரழுத்தம் குறைந்தால் நிற்கும், அளவுமீறிச் சூடானால் நிற்கும். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்த உதிரிபாகம் கெட்டது என்பதல்ல. எந்தக் காவல் தடுத்தது என்பதுதான். அந்தக் கேள்வியை நான் ஒன்றரை ஆண்டு தாமதமாகக் கேட்டேன். திரையில் வரும் பிழைக் குறியைப் பார்ப்பதற்கு முன்பே மீட்டமைப்புப் பொத்தானை அழுத்திவிடும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. குளிரில் நிற்பவனுக்குக் குறியைவிடச் சூடுதானே முக்கியம்.

இரண்டாவது குளிர்காலத்தின் ஜனவரியில் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைப் பாய்லருக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டு, நின்ற நேரம், திரையிலிருந்த குறி, அழுத்தமானி காட்டிய அளவு, அந்த நேரத்தில் வெந்நீர் வந்ததா என்ற நான்கை மட்டும் பதினான்கு நாள் எழுதினோம். மொத்தம் 21 நிறுத்தங்கள். அவை தாமாகவே இரண்டு கூட்டமாகப் பிரிந்தன. பன்னிரண்டு நிறுத்தங்கள் விடியற்காலையில், பாய்லர் இரவு முழுவதும் ஓய்ந்து கிடந்து மீண்டும் எழும்போது நேர்ந்தவை, குறி, அழுத்தக் குறைவு, மானியில் 0.3 பார் அளவு; குழாயில் வெந்நீரும் வராது. மற்ற ஒன்பதும் பெரும்பாலும் மாலையில், நெருப்பு பற்றி ஒரு நிமிடம் ஆவதற்குள் நேர்ந்தவை, குறி, மிகைச்சூடு, மானியில் 1 பாருக்கு மேல், குழாயைத் திறந்தால் வெந்நீர் எந்தக் குறையும் இல்லாமல் கொட்டும். கழிவுநீர்க் குழாய் உறைவதைப் பற்றி அண்டை வீட்டார் எச்சரித்திருந்தார்கள். 2010 டிசம்பரின் கடுங்குளிரில் நாடெங்கும் அதனால் பாய்லர்கள் நின்றதை அவர்கள் மறக்கவில்லை. ஆனால் வெளியே 8 டிகிரி இருந்த நாள்களிலும் எங்களுடையது நின்றதால் அந்தச் சந்தேகத்தை அன்றே அடித்துவிட்டோம்.

காலை நிறுத்தத்தை முதலில் எடுத்துக்கொண்டேன். அழுத்தம் குறைகிறது என்றால் நீர் எங்கோ போகிறது. முதல் எஞ்சினியர் தரையைப் பெயர்க்கச் சொன்னது இதனால்தான். தவறான ஊகம் அல்ல, சோதிக்கப்படாத ஊகம். மறைவான ஒழுகல் இருந்தால், பாய்லர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வார இறுதியில் உறவினர் வீட்டுக்குப் போனபோது, ஆறிப்போன அமைப்பை 1.0 பாரில் நிறுத்தி, வெப்பமூட்டலை முழுவதும் அணைத்துவிட்டுச் சென்றோம். முப்பத்தாறு மணி நேரம் கழித்துத் திரும்பியபோதும் முள் 1.0 பாரிலேயே நின்றது. ஆக, ஓய்வில் ஒரு சொட்டும் போகவில்லை. சூடாவதற்கும் ஆறுவதற்கும் இடையில்தான் நீர் தொலைகிறது. தரைப்பலகைகள் தப்பின.

அன்று மாலை பாய்லரை ஏற்றிவிட்டு மானிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். குளிர்நிலையில் 1.0 பாரில் இருந்த முள், இருபது நிமிடத்தில் 2 பாரைத் தாண்டி, முக்கால் மணியில் 3 பாரைத் தொட்டு அங்கேயே நடுங்கியது. நீர் நிரப்பும் பின்னல் குழாயின் வால்வு சரியாக மூடாமல் தெரு இணைப்பின் அழுத்தம் உள்ளே கசிந்தாலும் இப்படி ஏறும். எனவே அந்தக் குழாயையே கழற்றி வைத்துவிட்டு மறுநாளும் பார்த்தேன், மாற்றமில்லை. பிறகு வீட்டின் பின்சுவரில், செடிக்குப் பின்னால் முழங்கால் உயரத்தில் நீட்டி மீண்டும் சுவரை நோக்கி வளைந்திருந்த 15 மில்லிமீட்டர் செப்புக் குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையை ரப்பர் வளையம் போட்டுக் கட்டினேன். காலையில் பைக்குள் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக அந்தச் சுவரில் இருந்த வெண்ணிறக் கறையை மழையின் வேலை என்று நினைத்திருந்தோம்.

சந்தேகம் இப்போது விரிவுக் கலத்தின்மேல் விழுந்தது. ஒரு சிறு கணக்கு அதை உறுதியாக்கியது. கணக்கு பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். எங்கள் வளையத்தில் சுமார் 90 லிட்டர் நீர் இருக்கிறது. 10 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குப் போகும்போது நீர் ஏறத்தாழ 2.2 சதவீதம் விரிகிறது, அதாவது 2 லிட்டர். வெளிக்காற்றின் அழுத்தமான 1 பாரையும் சேர்த்துக் கணக்கிட்டால், குளிர்நிலையில் மானி காட்டும் 1.0 என்பது முழு அழுத்தத்தில் 2.0. கலம் நல்ல நிலையில், மானி அளவில் 0.75 பார் முன்னழுத்தத்தோடு (நீர் நுழைவதற்கு முன் காற்றுக்கு உள்ள அழுத்தம்) இருந்தால், குளிர்நிலையில் அதற்குள் 7 லிட்டர் காற்று இருக்கும், விரிந்த 2 லிட்டர் உள்ளே வரும்போது அது 5 லிட்டராகச் சுருங்கும், அழுத்தம் 2.8, அதாவது மானியில் 1.8. வால்வு அசையக்கூடாது. இப்போது கலத்தின் காற்று கசிந்து 2 லிட்டர் மட்டுமே மிஞ்சியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மானி 3 பாரைத் தொடும்போது அந்தக் காற்று 1 லிட்டராகச் சுருங்கியிருக்கும். ஒரு லிட்டர் நீருக்குத்தான் இடம். மற்ற ஒரு லிட்டர் வெளியே. இரவில் நீர் ஆறிச் சுருங்கும்போது, போன ஒரு லிட்டரின் இடத்தையும் காற்று நிரப்பி 3 லிட்டராக விரிய, முழு அழுத்தம் 1.33, மானியில் 0.33. பையில் ஒரு லிட்டர், காலையில் 0.3 பார்: காகிதத்தில் வந்த எண்களும் சுவரில் கண்ட எண்களும் இவ்வளவு நெருங்கி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

காலையில் மட்டும் ஏன் நிற்கிறது என்பதற்கும் இதிலேயே விடை கிடைத்தது. பகலில் வளையம் முழுதாக ஆறுவதில்லை. ஆறாதவரை அழுத்தம் விழுவதில்லை.

மாலை நிறுத்தம் வேறு கதை. மிகைச்சூட்டுக் குறியைப் பார்த்த இரண்டாவது எஞ்சினியர், நீர் சுற்றவில்லை என்று சரியாகவே முடிவு செய்து, பம்பை மாற்றினார். பிறகு உணரி பொய் சொல்கிறதோ என்று அதையும் மாற்றினார். ஆனால் நோட்டுப் புத்தகத்தில் நான்காவதாக எழுதியது, வெந்நீர் வந்ததா என்பது, பம்பைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிடுகிறது. காம்பி பாய்லரில் குழாய்க்கு வெந்நீர் தரும்போதும் அதே நெருப்பு, அதே விசிறி, அதே முதன்மை வெப்பப் பரிமாற்றி, அதே பம்பு, அதே உணரிதான் வேலை செய்கின்றன. டைவர்ட்டர் வால்வு மட்டும் பாதையை மாற்றி, ரேடியேட்டர்களுக்குப் போக வேண்டிய நீரை பாய்லருக்குள்ளேயே உள்ள தட்டுப் பரிமாற்றி வழியாகக் குறுகிய சுற்றில் ஓடவிடுகிறது. அந்தச் சுற்றில் பாய்லர் தன் முழுத் திறனில் பத்து நிமிடம் ஓடியும் நிற்கவில்லை என்றால், இரண்டு வேலைக்கும் பொதுவான உறுப்புகள் அத்தனையும் தேர்வில் தேறிவிட்டன. மிஞ்சுபவை டைவர்ட்டர் வால்வும், பாய்லருக்கு வெளியே உள்ள ரேடியேட்டர் வளையமும், அந்த வளையம் பாய்லருக்குள் திரும்பி நுழையும் வாயும்தான். குளியலறைக் குழாயைத் திறந்துவைக்கும் செலவில்லாத சோதனை இது. பம்பு வாங்குவதற்கு முன் செய்திருக்கலாம்.

பாய்லருக்கு அடியில், ரேடியேட்டர்களுக்குப் போகும் குழாயையும் அங்கிருந்து திரும்பும் குழாயையும் தொட்டுப் பார்த்தோம். நெருப்பு பற்றிய ஒரு நிமிடத்துக்குள் போகும் குழாய் கை வைக்க முடியாதபடி கொதித்தது, திரும்பும் குழாய் சில்லென்று இருந்தது. நீர் நகராவிட்டால் சூடு எவ்வளவு வேகமாக ஏறும் என்பதும் எளிய கணக்குதான்: வெப்பப் பரிமாற்றியிலும் அதையொட்டிய குழாய்களிலும் 2 லிட்டர் நீர் தேங்கி நிற்க, 7 கிலோவாட் நெருப்பு அதை நொடிக்கு 0.8 டிகிரி வீதம் சூடாக்கும்; ஒரு நிமிடத்தில் 50 டிகிரி. பாய்லர் பயந்து நின்றதில் வியப்பில்லை.

ரேடியேட்டர்களைத் தடவிப் பார்த்தபோது கீழ்த்தளத்திலிருந்த நான்கில் மூன்று, மேலே இளஞ்சூடாகவும் கீழ்நடுவே குளிர்ந்தும் இருந்தன. மாடியில் இருந்தவை நேர்மாறு: கீழே சூடு, மேலே குளிர். மேலே குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று. கீழே குளிர்ந்திருந்தால் உள்ளே சேறு. இரண்டும் ஒரே வீட்டில் ஒன்றாக இருப்பது எனக்கு அப்போது விந்தையாகத் தெரிந்தது. கூடத்து ரேடியேட்டரின் காற்றுத் திருகைத் தளர்த்தி ஒரு ஊறுகாய்ப் பாட்டிலில் நீர் பிடித்தேன். மை போலக் கறுப்பு. ஒரு மணி நேரத்தில் அடியில் படிந்த தூளின் அருகே பிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம் ஒன்றைக் கொண்டுபோனதும், தூள் கண்ணாடியின் உட்சுவரில் ஊர்ந்து ஏறியது. சாதாரணச் செந்துரு இப்படிக் காந்தத்தின் பின்னால் ஓடாது. இது மேக்னடைட், எஃகு ரேடியேட்டர்கள் உள்ளிருந்து அரிக்கப்படும்போது பிறக்கும் கறுப்பு ஆக்சைடு.

இங்கேதான் இரண்டு நிறுத்தங்களும் ஒன்றோடொன்று முடிச்சிட்டுக்கொள்கின்றன. மூடிய வளையத்தில் ஒருமுறை ஊற்றிய நீர் மாறாமல் இருப்பதும், அதில் கலந்த அரிப்புத் தடுப்பு மருந்தும்தான் எஃகைக் காக்கின்றன. நான் செய்ததோ, தினமும் காலையில் பின்னல் குழாயின் வால்வைத் திறந்து முள்ளை 1.0 பாருக்குக் கொண்டுவந்தது, அதாவது ஒரு லிட்டர் புது நீரை ஊற்றியது. மூன்று மாதத்தில் 90 லிட்டர்; வளையத்தின் கொள்ளளவுக்கு ஈடான நீர். லிட்டர் லிட்டராக மாற்றும்போது பழைய நீர் முற்றிலும் போய்விடுவதில்லை, ஆனால் கணக்கின்படி மருந்தின் 37 சதவீதம்தான் மிஞ்சும். இப்படி இரண்டு குளிர்காலங்கள்.

புது நீரில் கரைந்து வரும் ஆக்சிஜன்தான் எஃகைத் தின்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். நானும் முதலில் அப்படியே எழுதி வைத்தேன். கணக்கிட்டால் அது போதவில்லை. 10 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்கும்; 90 லிட்டரில் மொத்தமே 1 கிராம்; அதிலிருந்து பிறக்கக்கூடிய மேக்னடைட் 4 கிராமைத் தொடாது. ஒரே ஒரு பாட்டிலில் நான் கண்டதையே அது விளக்கவில்லை. பெரிய வாசல் வேறு எங்கோ திறந்திருந்தது. அழுத்தமானி கீழ்த்தளத்தில் இருக்கிறது. மாடி ரேடியேட்டர்களின் தலை அதற்குச் சுமார் 3 மீட்டர் மேலே. 3 மீட்டர் நீர்த்தம்பம் 0.3 பாருக்குச் சமம். கீழே மானி 0.3 காட்டும் ஒவ்வொரு விடியலிலும் மாடியில் அழுத்தம் பூஜ்யம், அல்லது அதற்கும் கீழே. அந்த நிலையில் நீர் ஒழுகாத வால்வுச் சந்து வழியாகக்கூடக் காற்று உள்ளே உறிஞ்சப்படும். ஒரு லிட்டர் காற்றில் கால் கிராமுக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது, இருபதுக்கும் மேற்பட்ட லிட்டர் நீர் கொண்டுவரும் அளவு. மாடியில் வாரந்தோறும் நான் திருகைத் தளர்த்தி வெளியேற்றிய காற்று அப்படித்தான் வந்தது. மேலே காற்றும் கீழே சேறும் ஒரே வீட்டில் இருந்த விந்தை அத்தோடு தீர்ந்தது: காற்று நுழைந்த இடம் மாடி, அது உண்டாக்கிய கறுப்புத்தூள் பாரத்தால் இறங்கித் தங்கிய இடம் கீழ்த்தளம். லண்டனின் நீர் கடினநீர் என்பதையும் மறக்கக்கூடாது. லிட்டருக்கு 250 மில்லிகிராம் சுண்ணாம்பு என்று கொண்டாலும் 90 லிட்டரில் 20 கிராமுக்கு மேல். அது படிய விரும்புவது மிகச் சூடான இடத்தில், அதாவது வெப்பப் பரிமாற்றியின் உட்புறத்தில். பாய்லர் சில நாள்களில் கெட்டில் கொதிப்பது போல இரைந்ததற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம்.

பழுதுபார்ப்பை மூன்றாவதாக வந்த எஞ்சினியர் செய்தார். இதில் நான் கை வைக்கவில்லை. பிரிட்டனில் கேஸ் வேலைகளை 1998ஆம் ஆண்டின் கேஸ் பாதுகாப்பு விதிகள் கட்டுப்படுத்துகின்றன. 2009 ஏப்ரலிலிருந்து கேஸ் சேஃப் பதிவேட்டில் உள்ளவர்கள்தான் அவற்றைச் செய்யலாம். விரிவுக் கலத்தில் கேஸ் இல்லையே என்று தோன்றும். ஆனால் பல பாய்லர்களில் அதை எட்டுவதற்குக் கழற்ற வேண்டிய முன்மூடியே எரிவாயுப் புகை அறைக்குள் வராமல் தடுக்கும் அடைப்பாகவும் இருக்கிறது. மானியைப் படிப்பது, குழாயைத் தொட்டுப் பார்ப்பது, ரேடியேட்டரின் காற்றை வெளியேற்றுவது, பை கட்டுவது ஆகியவற்றோடு வீட்டுக்காரரின் எல்லை முடிகிறது.

அவர் நோட்டுப் புத்தகத்தை நின்றபடியே புரட்டிவிட்டு, முதலில் வளையத்தின் நீரை வடித்து அழுத்தத்தைப் பூஜ்யமாக்கினார். இது முக்கியம்: நீர்ப்பக்கத்தில் அழுத்தம் இருக்கும்போது கலத்தின் வால்வில் டயர் மானியை வைத்தால், அது நீரின் அழுத்தத்தையே திருப்பிக் காட்டி நம்மை ஏமாற்றும். வடித்த பிறகு மானி பூஜ்யம் காட்டியது. வால்வின் ஊசியை அழுத்தியபோது நீர் வரவில்லை, எனவே சவ்வு கிழியவில்லை. மிதிபம்பால் காற்றேற்றிச் சோப்பு நீர் தடவியதும் வால்வின் வாயில் சிறு சிறு குமிழ்கள் வந்தன. இரண்டு ஆண்டுத் தொல்லையின் வேர், டயர்க் கடையில் சில்லறைக்குக் கிடைக்கும் வால்வு ஊசி. அதை மாற்றி, வடிகுழாய் திறந்திருக்கும்போதே 0.75 பார் வரை காற்றேற்றினார். 3 பார் சேஃப்டி வால்வையும் மாற்றினார். தினமும் திறந்து மூடிய வால்வின் இருக்கையில் தூள் சிக்கியிருக்கும், இனி அது இறுக மூடும் என்று நம்ப முடியாது என்றார்.

ரேடியேட்டர் நீர் பாய்லருக்குத் திரும்பும் வாயிலில் இருந்த சிறு வலைச் சல்லடையைக் கழற்றியபோது, அது கறுப்புக் களிம்பு பூசிய நாணயம் போல இருந்தது. நீர் தயங்கியது அங்கேதான். டைவர்ட்டர் வால்வு நன்றாகவே இருந்தது. பிறகு வளையத்தை அலசும் இயந்திரத்தை இணைத்து, ரேடியேட்டர்களை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி, நீர் தெளியும்வரை அலச அரை நாளுக்கு மேல் ஆயிற்று. திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்றைப் பொருத்தி, ஒரு பாட்டில் அரிப்புத் தடுப்பு மருந்தை ஊற்றி முடித்தார். கலத்தைச் சரிசெய்யாமல் அலசலை மட்டும் செய்திருந்தால், அந்த மருந்தும் நாளுக்கு ஒரு லிட்டர் வீதம் செடிக்கே போயிருக்கும். எங்களுக்கு முன்பு சேறு அலசும் விலைப்பட்டியல் தந்த ஒருவர் கலத்தைப் பார்க்கவே இல்லை என்பதை நினைத்தால் இன்றும் கொஞ்சம் கோபம் வருகிறது. பிரிட்டனின் பி.எஸ். 7593 நடைமுறைத் தரம், 2019 திருத்தத்தின்படி, வடிகட்டியையும் ஆண்டுக்கொரு முறை மருந்தின் அளவைச் சோதிப்பதையும் கேட்கிறது. பாய்லரின் ஆண்டுப் பராமரிப்பில் கலத்தின் முன்னழுத்தத்தையும் அளந்து எழுதித் தரும்படி நானே கேட்கத் தொடங்கியிருக்கிறேன்.

அன்று மாலை மீண்டும் மானிக்கு எதிரே நாற்காலி போட்டேன். 1.0 பாரில் தொடங்கிய முள் 1.7 பாரில் நின்றது. காகிதம் 1.8 என்றது; திரும்பி வரும் நீர் 70 டிகிரியை எட்டுவதில்லை என்பதால் அந்தச் சிறு வித்தியாசம். போகும் குழாய்க்கும் திரும்பும் குழாய்க்கும் இடையே 18 டிகிரி. மூன்று மாதம் கழித்து வடிகட்டியைத் திறந்தபோது காந்தத்தில் ஒரு தேக்கரண்டி அளவு கறுப்புத்தூள், அலசலில் தப்பியது; ஓராண்டில் திறந்தபோது லேசான பூச்சு மட்டும். நோட்டுப் புத்தகத்தில் அதன்பின் நீர் நிரப்பியதாக இருக்கும் பதிவு ஒன்றே ஒன்று: குளியலறைக்கு வண்ணமடிக்க ரேடியேட்டரைக் கழற்றிய நாள். பின்சுவரின் கறை இன்னும் போகவில்லை. செப்புக் குழாயின் வாயில் கட்டிய பையை அவிழ்க்க மறந்துவிட்டோம்; வெயிலில் நைந்து போய், உள்ளே காய்ந்த இரண்டு இலைகளோடு அது அங்கேயே தொங்குகிறது.